மீளும் நோயும் இரத்தத்தின் சான்றும்

1954-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ஒருவர் உடலிலிருந்து எடுக்கப்பெற்ற சிறுநீரகத்தை மற்றொருவர் உடலில் பொருத்தினார் ஜோசப் மர்ரி என்னும் அறுவை மருத்துவர். கொடுத்தவர் ரொனால்டு ஹெரிக். பெற்றவர் அவருடைய உடன்பிறந்தார் ரிச்சர்டு ஹெரிக். இருவரும் ஒரே கருவினின்று பிரிந்து பிறந்த இரட்டையர். அதற்கு முன்னர்ப் பிற மருத்துவர்கள் செய்த முயற்சிகள் நிலைக்கவில்லை. ஏனெனில் அயலான் உறுப்பை உடல் அயற்பொருளாகவே கண்டு அழிக்க முற்படும். ஒரு கரு இரட்டையரிடத்தில் அந்தத் தடை இல்லை. தம்பியின் உறுப்பும் தமையனின் உறுப்பும் உடலுக்கு ஒன்றே.

அறுவை வெற்றி பெற்றது. சாகும் தறுவாயில் இருந்த ரிச்சர்டு எழுந்து நடமாடினார். தமக்குப் பணிவிடை செய்த செவிலியையே மணந்தார். இரு குழந்தைகளுக்குத் தந்தையானார். மர்ரி 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

பாட நூல்கள் பல இவ்வரலாற்றை இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றன. மாணவ நண்பர்களே, நமக்கு இன்று வேண்டுவது இதன் பின்பகுதி. எட்டாண்டுகள் வாழ்ந்து 1963-இல் ரிச்சர்டு மறைந்தார். அவருடைய பழைய சிறுநீரகங்களை அழித்த அதே நோய், உடன்பிறந்தார் கொடுத்த புதிய சிறுநீரகத்திலும் தோன்றியிருந்தது. அம்மருத்துவமனையில் அடுத்தடுத்துச் சிறுநீரகம் பெற்ற இரட்டையர் வேறு பலரிடத்தும் இதுவே நிகழ்ந்தது. கொடுத்த ரொனால்டோ எஞ்சிய ஒரு சிறுநீரகத்துடன் 2010 வரை வாழ்ந்தார்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. ஒரே தன்மையுடைய இரு சிறுநீரகங்கள். ஒன்று ரொனால்டின் உடலில் பல்லாண்டுகள் இயங்கியது, மற்றொன்று ரிச்சர்டின் உடலில் சில ஆண்டுகளில் கெட்டது. உடல் உறுப்பைத் தள்ளிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. அவர்கள் ஒரு கரு இரட்டையர். ஆகவே கேடு சிறுநீரகத்தில் இல்லை, அது சென்று சேர்ந்த உடலில் இருந்தது என்பதே முடிவு. நாற்றங்காலில் செழித்த நாற்றைப் பறித்து வயலில் நடுகிறான் உழவன். ஒரு வயலில் அது தழைக்கிறது. உவர் பாய்ந்த வயலில் கருகுகிறது. இரண்டாம் முறையும் நல்ல நாற்றையே கொணர்ந்து நட்டாலும் மறுபடியும் அதுவே நேரும். மண்ணை முதலில் சோதித்துப் பார்ப்பவன் நாற்றையும் காப்பான், உழைப்பையும் காப்பான். சிறுநீரக மாற்றத்தில் அந்த மண் சோதனைக்கு நிகரானது இரத்தச் சோதனை. அதில் தேடப்படும் பொருள்களைக் குறிகாட்டிகள் என்று நாம் அழைப்போம்.

அவற்றைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகத்தின் வடிகட்டியைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகள் சுருண்டு ஒரு முடிச்சாக அமைந்திருக்கின்றன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் இம்முடிச்சுகளில் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியதை உடல் மீட்டுக்கொள்கிறது. இவ்வளவு நீர் வடிந்தும் ஆல்புமின் முதலிய புரதங்கள் வடிந்துவிடுவதில்லை. தந்துகியின் உட்சுவர், அதன் வெளியே ஒரு மெல்லிய சவ்வு, சவ்வின்மேல் கால்களைப் பரப்பி அமர்ந்திருக்கும் பாத உயிரணுக்கள் என மூன்று அடுக்குகள் அங்கே காவல் செய்கின்றன. பாத உயிரணுக்களின் கால்கள் இரு கை விரல்களைக் கோத்தாற்போல ஒன்றோடொன்று இடையிட்டு நிற்கும். அவற்றின் இடைவெளியில் நெஃப்ரின் என்னும் புரதம் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. இவ்வடுக்குகளில் ஒன்று சிதைந்தாலும் புரதம் சிறுநீரில் ஒழுகும். முகமும் காலும் வீங்கும். நாளடைவில் முடிச்சுகள் தழும்பேறி வடிகட்டும் தொழிலே நின்றுவிடும்.

எந்த அடுக்கு தாக்கப்படுகிறது, எதனால் தாக்கப்படுகிறது என்பதைக் கண்டறிந்த வரலாறே குறிகாட்டிகளின் வரலாறு.

முதலில் வெளிச்சத்துக்கு வந்தது நடுவிலுள்ள சவ்வைத் தாக்கும் நோய். கிருமிகளை அழிப்பதற்காக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் சிலரிடத்தில் வழிதவறி இச்சவ்வையே பகையெனக் கருதிப் பற்றிக்கொள்கின்றன. 1967-இல் லெர்னர், கிளாசக், டிக்சன் ஆகிய மூவர், நோயுற்ற சிறுநீரகத்திலிருந்து இவ்வெதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகளின் சிறுநீரகமும் அவ்வாறே நோயுற்றது. குற்றவாளி இன்னார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இந்நோயாளருக்கு எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிகுந்திருக்கும்போதே புதிய சிறுநீரகத்தைப் பொருத்தினால் அதுவும் தாக்கப்படும். ஆதலின் இரத்தத்தை அடிக்கடி சோதித்து, எதிர்ப்பொருள் அறவே மறைந்து, பின்னும் ஏறத்தாழ ஆறு மாதம் கழிந்த பின்னரே மாற்றறுவை செய்வது வழக்கமாயிற்று. இந்த விதியைக் கடைப்பிடித்த பின் அந்நோய் மீள்வது அரிதாகிவிட்டது. ஒரு குறிகாட்டி செய்யவேண்டிய பணி முழுவதையும் இதில் காணலாம்: நோய்க்குக் காரணமான பொருளே குறிகாட்டியாகவும் இருக்கிறது, அது இருந்தால் காத்திரு, மறைந்தால் நட என்கிறது.

எல்லா நோய்களும் இவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. சவ்வு தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர் அதை மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்பர். இதுவும் எதிர்ப்பொருளால் விளைவதே என்று 1959-இல் எலிகளில் ஹேமன் செய்த சோதனை காட்டியது. ஆனால் எலியில் தாக்கப்பட்ட புரதம் மனிதனின் பாத உயிரணுவில் இல்லை. மனிதனில் தாக்கப்படும் புரதம் எது என்று கண்டறிய மேலும் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 2009-இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பெக், சாலன்ட் முதலியோர், பாத உயிரணுவின் மேலுள்ள ஃபாஸ்போலிப்பேஸ் ஏ2 ஏற்பி என்னும் புரதமே அது என்று நிறுவினர். வேறு காரணமின்றி இந்நோய் தோன்றியவர்களில் நூற்றுக்கு எழுபதின்மர் அளவில் இவ்வெதிர்ப்பொருள் காணப்படுகிறது. இன்று ஒரு துளி இரத்தத்தில் அதன் அளவைக் காணலாம். மாற்றறுவைக்கு முன் அது மிகுந்திருப்பவர்க்கு நோய் மீளும் அச்சம் மிகுதி. அறுவைக்குப் பின் அளவு ஏறிக்கொண்டே போவது, சிறுநீரில் புரதம் தென்படுமுன்னரே வரும் எச்சரிக்கையாக அமைவதும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்படவில்லை என்பதனால் அது உடலில் இல்லை என்று துணிந்துவிடல் ஆகாது. சிறுநீரகம் பஞ்சைப்போல் அதனை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளும். உறிஞ்சித் தீர்ந்த பிறகு மிகுந்ததே இரத்தத்தில் தென்படும். ஆதலின் ஒரு முறை சோதித்து அமைதி கொள்வதை நல்ல மருத்துவர் விரும்புவதில்லை.

இனி, எல்லாவற்றினும் கொடியதாகிய ஒன்றைக் காண்போம். ஃபோகல் செக்மென்டல் குளோமருலோஸ்கிளிரோஸிஸ் என்பது அதன் நீண்ட பெயர். முடிச்சுகளிற் சிலவற்றில், அவற்றிலும் சில பகுதிகளில், தழும்பேறி இறுகுதல் என்பது பொருள். நாம் தழும்பு நோய் என்றே சுருக்கமாகச் சொல்வோம். இது சிறுவரையும் இளைஞரையும் மிகுதியாகப் பற்றுவது. உங்கள் வயதினரை என்று சொன்னாலும் தவறில்லை. இந்நோயால் சிறுநீரகம் இழந்து மாற்றுறுப்புப் பெற்றவர்களில் பத்துப் பேருக்கு மூவர் என்ற அளவில் நோய் மீள்கிறது. முதல் மாற்றுறுப்பை இவ்வாறு இழந்தவர் இரண்டாவது பெறும்போது அந்த அச்சம் இன்னும் பன்மடங்காகிறது. மீளும் விரைவோ திகைக்க வைப்பது. அறுவை முடிந்து சில நாட்களுக்குள், ஏன், சில மணி நேரத்துக்குள்ளேயே புரதம் ஒழுகத் தொடங்கியதும் உண்டு. இவ்வாறு மீண்ட நோயாளர் மூவரின் வரலாறு 1972-இலேயே மருத்துவ இதழில் வெளியாயிற்று.

2012-இல் வெளிவந்த ஒரு செய்தியை இங்கே கூறுதல் தகும். சிகாகோ நகரில் தழும்பு நோயுற்ற 27 வயது இளைஞர் ஒருவருக்கு அவருடைய சகோதரி சிறுநீரகம் கொடுத்தார். உடனே நோய் மீண்டது. மருத்துவம் எதற்கும் அடங்கவில்லை. பதினான்காம் நாள் மருத்துவர்கள் அச்சிறுநீரகத்தை எடுத்து, உரியவர்களின் இசைவோடு, நீரிழிவால் சிறுநீரகம் இழந்திருந்த 66 வயதுடைய வேறொருவருக்குப் பொருத்தினர். அங்கே புரத ஒழுக்கு நின்றது. சிதைந்த வடிகட்டி தானே சீர்பட்டது. இளைஞரின் இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் உலவியது என்பதில் இதன்பின் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஹெரிக் இரட்டையர் காட்டிய உண்மையையே இச்சிறுநீரகம் எதிர்த்திசையில் பயணம் செய்து காட்டிற்று.

அந்தப் பொருள் எது? 1996-இல் வர்ஜீனியா சாவின் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் குழுவினரும், எலியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த முடிச்சுகளை நோயாளரின் இரத்த நீரில் இட்டு, அவை புரதத்தைக் கசியவிடுகின்றனவா என்று பார்த்தனர். நோய் மீண்டவர்களின் இரத்த நீர் கசிவை மிகுவித்தது. பொருள் இருக்கிறது என்று தெரிந்தது. அதன் பெயர் தெரியவில்லை. 2011-இல் ஜோகென் ரைசர் முதலியோர் அப்பெயரைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். சூபார் என்று சுருக்கமாக வழங்கும் ஒரு புரதம் தழும்பு நோயாளரின் இரத்தத்தில் மிகுந்திருப்பதையும், மாற்றறுவைக்குப் பின் நோய் மீண்டவர்களிடத்தில் அது மிக உயர்ந்திருந்ததையும் அவர்கள் கண்டிருந்தனர். மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு நோயாளரிடத்தும் அதே புரதத்தை அளந்து பார்த்தனர். எந்த நோயால் ஆயினும் சரி, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குன்றியவர் எல்லாரிடத்தும் அது ஏறியே இருந்தது. திருடனைக் கண்டாலும் குரைக்கும், தபால்காரரைக் கண்டாலும் குரைக்கும் நாயை வைத்துக்கொண்டு திருடன் வந்தான் என்று எப்படி அறிவது? நோய் உள்ளவரைத் தவறாமல் சுட்டுவது ஒரு திறன். நோய் இல்லாதவரைச் சுட்டாமல் விடுவது மற்றொரு திறன். இரண்டும் இருந்தாலன்றிக் குறிகாட்டி முழுமை பெறாது. ஆயினும் சூபார் பயனற்றது என்று நான் கூறமாட்டேன். எவருடைய சிறுநீரகம் வருங்காலத்தில் நலிவுறக் கூடும் என்பதைப் பொதுவாக உணர்த்துவதில் அதற்குத் தொடர்பு உண்டு என 2015-இல் வேறோர் ஆய்வு கண்டது. ஒரு பூட்டுக்கு என்று செய்த திறவுகோல் அதற்குப் பொருந்தாமல் வேறொரு பூட்டுக்குப் பொருந்துவது அறிவியலில் புதிதன்று.

இவ்விரு திறன்களையும் ஒரு கணக்கால் விளக்குகிறேன். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் நீங்களும் உடன் போட்டுப் பாருங்கள். எண்கள் கற்பனையானவை. நூறு நோயாளர், முப்பதின்மருக்கு நோய் மீளப்போகிறது, எழுபதின்மருக்கு மீளாது. ஒரு சோதனை அம்முப்பதின்மரில் 24 பேரைச் சரியாகச் சுட்டுகிறது; எழுபதின்மரில் 14 பேரையும் தவறாகச் சுட்டிவிடுகிறது. சுட்டப்பட்டவர் மொத்தம் 38. அவர்களில் உண்மையாகவே நோய் மீள்பவர் 24. அதாவது நூற்றுக்கு 63. சுட்டப்படாதவர் 62; அவர்களிலும் அறுவருக்கு நோய் மீளும்; அதாவது நூற்றுக்குப் பத்து. சோதனைக்கு முன் ஒவ்வொருவருக்கும் இருந்த அச்சம் நூற்றுக்கு முப்பது. சோதனைக்குப் பின் ஒரு சாராருக்கு அது 63 ஆக ஏறியது. மற்றொரு சாராருக்குப் பத்தாக இறங்கியது. உறுதி எவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் இருளில் ஒரே கும்பலாய் நின்றவர்கள் இரு பிரிவாகப் பிரிந்தனர் அல்லவா? நல்ல குறிகாட்டி தருவது இவ்வளவே, இதுவும் சிறிதன்று.

இனி நெஃப்ரின் வலைக்கு வருவோம். பின்லாந்து நாட்டில் சில குழந்தைகள் பிறக்கும்போதே புரதம் ஒழுகும் சிறுநீரகத்தோடு பிறக்கின்றன. 1998-இல் திரிக்வாசன் குழுவினர் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டனர்; அம்மரபணு ஆக்கும் புரதத்துக்கே நெஃப்ரின் என்று பெயரிட்டனர். அக்குழந்தைகளிற் பலருடைய உடலில் நெஃப்ரின் அறவே இல்லை. புதிய சிறுநீரகம் பொருத்தினால் நோய் தீரவேண்டும், பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் சிலருக்கு மீண்டும் புரதம் ஒழுகிற்று. ஏன்? பிறந்தது முதல் நெஃப்ரினைக் கண்டறியாத அவ்வுடல், புதிய சிறுநீரகத்தில் வந்த நெஃப்ரினை அயற்பொருளெனக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டது. நெஃப்ரினைத் தாக்கும் எதிர்ப்பொருள் வடிகட்டியைச் சிதைக்க வல்லது என்பதற்கு இயற்கையே நடத்திய சோதனை இது. இதை நன்கு எண்ணிப் பார்த்திருந்தால் தழும்பு நோயின் மருமமும் இன்னும் சற்று முன்னரே அவிழ்ந்திருக்கும் என்பது என் கருத்து.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2022-இல், பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் பிறவிக் குறையில்லாத நோயாளரிடத்தும் நெஃப்ரின் எதிர்ப்பொருளைக் கண்டனர். அவர்களுள் ஒருவருக்கு மாற்றறுவைக்கு முன்னரே அது இரத்தத்தில் இருந்தது. அறுவைக்குப் பின் நோய் கடுமையாக மீண்டது. 2024-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் குழுவினர் பெருந்தொகையான நோயாளரைச் சோதித்தனர். நோய் தணிந்திருக்கும்போது எதிர்ப்பொருள் குறைந்தும், நோய் கிளர்ந்தெழும்போது மிகுந்தும் இருப்பதை அவர்கள் காட்டினர். எலிகளின் உடலில் நெஃப்ரின் எதிர்ப்பொருள் தோன்றும்படி செய்து, அவையும் அவ்வாறே நோயுறுவதையும் கண்டனர். ஜப்பான் நாட்டிலும், தழும்பு நோய் மீண்டவர்களிடத்தில் இது உயர்ந்திருந்தமை அறியப்பட்டது. எனினும் தழும்பு நோயாளர் எல்லாரிடத்தும் இது காணப்படுவதில்லை. அப்பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்றே கொள்ளவேண்டும். அளக்கும் முறையும் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுகிறது.

அப்பல நோய்களுள் ஒரு வகையை இரத்தச் சோதனை இன்றே தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. சிலருக்குப் பாத உயிரணுவின் புரதங்களை ஆக்கும் மரபணுக்களிலேயே பிழை இருக்கும். போடோசின் என்னும் புரதத்தின் மரபணு 2000-இல் கண்டறியப்பட்டது அத்தகையது. இவர்களுக்குக் கேடு உடலில் உலவும் பொருளால் வந்ததன்று. சிறுநீரகத்தின் அமைப்பிலேயே இருந்தது. புதிய சிறுநீரகம் பிழையற்ற மரபணுவோடு வருகிறது. ஆதலின் நோய் மீள்வது அரிது. உவர் நிலம் அன்று, நாற்றே சொத்தை. ஒரே பெயருடைய நோயில் ஒருவருக்கு அச்சமும் மற்றொருவருக்கு ஆறுதலும் சொல்லும் இரத்தச் சோதனையின் அருமையை இங்கே காணலாம்.

இவற்றையெல்லாம் அறிந்து என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்றம் வெற்றியுடன் செய்யப்பட்டது. அன்று முதல் இன்று வரை நம்மவர்க்குக் கிடைக்கும் சிறுநீரகங்களில் பெரும்பாலானவை உயிரோடிருப்பவர் கொடுப்பவையே; தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தார் என்று இவர்களே கொடுக்கிறார்கள். பதினாறு வயது மகனுக்குத் தாய் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வருகிறாள். அது ஒரு திங்களுக்குள் கெட்டுவிடுமானால் அவளால் மறுமுறை கொடுக்க இயலாது. மகனுக்கு அச்சம் மிகுதி என்று முன்பே தெரிந்தால் மருத்துவர் செய்யக்கூடியவை பல. எதிர்ப்பொருளை ஆக்கும் உயிரணுக்களை அடக்கும் ரிடுக்சிமாப் என்னும் மருந்தைக் கொடுத்து, அளவு இறங்கும்வரை காத்திருக்கலாம். இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றத்தை அறுவையை ஒட்டியே தொடங்கலாம். அறுவைக்குப் பின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, ஒழுக்கு தொடங்கிய அன்றே மருத்துவத்தை முடுக்கலாம். தாயிடம் உண்மையைச் சொல்லி, முடிவை அவள் கையில் விடலாம். எண்ணைக் கேட்ட பின்னும் கொடுப்பேன் என்பாள் தாய். அதை யான் அறிவேன். ஆயினும் எண்ணைக் கேட்டுக் கொடுப்பதும் கேளாமற் கொடுப்பதும் ஒன்றல்ல.

மீளும் நோய்கள் இன்னும் சில உள. பாரிஸ் நகரத்து பெர்ஜே 1968-இல் விளக்கிய ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி அவற்றுள் பரவலானது. அது மெல்ல மீள்வது, பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. அதற்குரிய குறிகாட்டிகளும் ஆராயப்பட்டு வருகின்றன.

மாற்றறுவை செய்யும் பல மருத்துவமனைகளில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. அறுவைக்கு முன் நோயாளரிடமிருந்து எடுத்த இரத்த நீரில் ஒரு பகுதியைச் சிறு குழாய்களில் அடைத்து, நாள் குறித்து, கடுங்குளிர்ப் பெட்டியில் பல்லாண்டு வைத்திருப்பர். ஒரு புதிய குறிகாட்டியைப் பற்றிச் செய்தி வரும்போது அக்குழாய்களை எடுத்துச் சோதித்து, யாருக்கு நோய் மீண்டது, யாருக்கு மீளவில்லை என்ற பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். சூபாரின் குறை வெளிப்பட்டதும், நெஃப்ரின் எதிர்ப்பொருளின் பெருமை தெரியவந்ததும் பெரும்பாலும் இத்தகைய பழைய குழாய்களினால்தான்.